வால் வைத்த ஹெல்மெட்

என் வேலை காற்றில் உட்கார்ந்திருப்பது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சும்மா உக்காந்திருக்கிறதுக்குப் பேரு வேலையா?" என்று கேட்டாள், நான் குடியிருக்கும் அறைக்குக் கீழே சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாள். சும்மா இருப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து என் இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அரை மணியில் முதுகு பிளந்துவிடும்.

காற்றுச் சுரங்கம் என்பது ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட கூடம். ஒரு கோடியில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் விசிறி. நடுவில் ஒரு மேடை. மேடையில் பந்தய சைக்கிள் ஒன்றை அசையாமல் முடுக்கி வைத்திருப்பார்கள். அதன் மேல் நான். மேடைக்கு அடியில் ஒரு தராசு ஒளிந்திருக்கிறது. காற்று என்னை எவ்வளவு பலமாகப் பின்னால் தள்ளுகிறது என்பதை அது கிராம் சுத்தமாகச் சொல்லிவிடும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பொறியாளர் மேடமும் விசிறியை ஓட்டுகிறவரும் இருப்பார்கள். இந்தப் பக்கம் நான் மட்டும். விசிறி ஓட ஆரம்பித்துவிட்டால் ஒலிபெருக்கியில் வரும் மேடத்தின் குரலைத் தவிர வேறு மனிதச் சத்தமே கிடையாது.

"தலை நேரா. அப்படியே. அசையாதீங்க."

நான் அசைவதில்லை. அதில் எனக்கு நல்ல பெயர். "பிடிச்சு வெச்ச பிள்ளையார் கெட்டாரு போங்க" என்பார் விசிறிக்காரர். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பொம்மை. தினமும் காலையில், "என்ன பொம்மை சார், காத்து வாங்க வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ஆரம்பத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்று வருஷமாக ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு நாள் அவர் அதைச் சொல்ல மறந்துபோனார். அன்று முழுக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. காலையில் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கும் மனிதர் அவர் ஒருவர்தான்.

உட்கார்ந்திருப்பது நான் என்றாலும் அவர்கள் அளப்பது என்னை அல்ல, என் தம்பியை. நீங்கள் சைக்கிள் பந்தயம் பார்ப்பவராக இருந்தால் அவனைப் பார்த்திருப்பீர்கள். தனியோட்டத்தில் அவன் பெரிய ஆள். தனியோட்டம் என்றால் கூட்டமாகப் போவது இல்லை. ஒவ்வொருவரையும் சற்று இடைவெளி விட்டு ஒற்றையாக அனுப்புவார்கள். முன்னால் ஒளிந்துகொள்ள ஒரு முதுகு கிடையாது, பின்னால் துரத்த ஒரு நிழல் கிடையாது. மனிதனும் கடிகாரமும் காற்றும்தான். வருஷம் முழுக்க அவன் மலை மேல் பயிற்சி, ஏதோ ஓர் ஊரில் போட்டி என்று அலைகிறவன். சுரங்கத்தில் நாள்கணக்கில் உட்கார அவனுக்கு நேரம் ஏது? அதனால் அவனுடைய அணிக்காரர்கள் அவன் அளவில் ஓர் ஆள் தேடியபோது அவனே சொன்னானாம்: "எங்க அண்ணன் இருக்கான். அளந்து பாருங்க, ரெண்டு பேரும் ஒரே அச்சு."

ஒரே அச்சு. அந்த வார்த்தையை மேடம் என்னிடம் சொன்ன அன்று நான் பஸ்ஸில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தாலாவது ஒரு நாள் சமாதானம் ஆகியிருக்கலாம். அம்மா இருந்தவரை அவள் வழியாகப் பேசிக்கொண்டோம். அவள் போன பிறகு, பேச வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான். நினைத்துக்கொண்டே இருந்தால் வருஷங்கள் எப்படி ஓடுகின்றன என்று எனக்குத் தெரியும். இந்த வேலை வந்த பிறகு, ஒவ்வொரு சோதனையின் முடிவும் அவனுக்குப் போகும். அவனும் மேடத்துக்குக் குரல் பதிவு அனுப்புவான். கடைசியில், "அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க" என்று இருக்கும். மேடம் அதை எனக்குப் போட்டுக் காட்டுவாள். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகத்தான் நான் காற்றில் உட்கார்ந்தேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

சின்ன வயசில் ஆற்றோரச் சாலையில் இரண்டு பேரும் சைக்கிள் ஓட்டுவோம். அவன் முன்னால்தான் போவான். விட்டுக்கொடுக்கவே மாட்டான். முன்னால் போகிறவன் காற்றைச் சுமக்கிறான், பின்னால் வருகிறவன் ஓசியில் வருகிறான். இது சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு ஒரு பழக்கம். களைத்துப்போனால் தலை தொங்கிவிடும். சாலையைப் பார்க்காமல் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு போவான். நான் பின்னால் இருந்து "தலை!" என்று கத்துவேன். விலுக்கென்று நிமிர்வான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொங்கும். மறுபடியும் கத்துவேன். ஓசியில் வந்ததற்கு நான் பார்த்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

இந்த வருஷத்துச் சாம்பியன் போட்டி அவனுக்குக் கடைசி. கால் முன்னைப் போல் இல்லை என்று அவனே சொல்லிவிட்டான். இரண்டு முறை சில நொடிகளில் கைநழுவிப்போன பட்டம் அது. காலில் தேட முடியாத நொடிகளை இனி ஹெல்மெட்டில்தான் தேட வேண்டும் என்று மேடம் ராப்பகலாக உழைத்தாள்.

சாதாரண ஹெல்மெட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். தலைக்குக் குளிர்ச்சி, ஆனால் அத்தனை ஓட்டையிலும் காற்று சிக்கிக்கொண்டு ஆளைப் பின்னால் இழுக்கும். தனியோட்ட ஹெல்மெட் வழவழவென்று இருக்கும். காது மூடியிருக்கும், கண்ணுக்கு முன்னால் கண்ணாடி இறங்கியிருக்கும், உள்ளே மண்டை வெந்துபோகும். கடைசியில் இரண்டு ஹெல்மெட்டுகள் மிஞ்சின. ஒன்று உருண்டை, பானையைக் கவிழ்த்த மாதிரி. இன்னொன்றுக்குப் பின்னால் நீண்ட வால். தலைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறதே, அங்கேதான் காற்று சுழன்று சண்டித்தனம் செய்யும். வால் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும்.

என் தலையில் வால் ஹெல்மெட்தான் ஜெயித்தது. ஒரு முறை அல்ல, போட்ட ஒவ்வொரு முறையும். வால் என் முதுகில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் கைதட்டியது தெரிந்தது, கேட்கவில்லை. உருண்டையை ஓரம் கட்டினார்கள். வால் ஹெல்மெட் தம்பிக்குப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து ஒரு சின்னப் போட்டியில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். ஐந்தாவதாக வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஐந்தாவதாக வந்ததே இல்லை. நான் சாயங்காலம் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்து போனில் அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் எதிர்காற்றில் ஒரு நீளமான நேர்ச்சாலை. அங்கே அவன் தலை தொங்கியது. தலை தொங்கியதும் அந்த வால், கொட்ட வரும் தேளின் கொடுக்கு மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றது. வருகிற காற்றையெல்லாம் அது அள்ளிப் பிடித்து அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் போனைப் பார்த்து "தலை!" என்றேன்.

அதற்கப்புறம்தான் என் கை என் கழுத்துக்குப் போனது.

நானும் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவன்தான். ஈரச் சாலையில் ஒரு வளைவில் விழுந்தேன். கழுத்தெலும்பைத் தகடும் திருகாணியும் வைத்து முடுக்கினார்கள். அன்றிலிருந்து என் கழுத்து குனியாது. மோவாய் நெஞ்சைத் தொடாது. செருப்புவாரைப் பார்க்க வேண்டும் என்றால்கூட உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். யாருக்கும் தலைவணங்காதவன் என்று பெருமை பேசிக்கொள்ளலாம், வேறு பிரயோஜனம் இல்லை. அப்போது தம்பி வெளியூரில் போட்டியில் இருந்தான். "கழுத்து சரியாயிடுச்சாண்ணா?" என்று போனில் கேட்டான். "ஆயிடுச்சு" என்றேன். போனில் வேறென்ன சொல்வது? சுரங்கத்தில் சேரும்போது என் உயரம், தோள், கை, தொடை, மண்டை எல்லாம் அளந்தார்கள். கழுத்தின் சுற்றளவைக்கூட எடுத்தார்கள். மடங்குமா என்று யாரும் கேட்கவில்லை. தலை அசையாமல் இருப்பது என்னுடைய பொறுமை என்று அவர்கள் நினைத்தார்கள். புகழ்ந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆக, குனியவே முடியாத ஒரு கழுத்தில் வைத்துப் பார்த்து, குனிந்தே தீரும் ஒரு தலைக்கு ஹெல்மெட் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் வேலை போகும். ஒரே அச்சு இல்லை என்று ஆன பிறகு என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் "அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க" போகும். சொல்லாவிட்டால் அவன் பட்டம் போகும், கடைசி வருஷத்தில். தராசில் வைத்துப் பார்க்க இதில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் ஜெயிக்க வேண்டும், ஆனால் அவன் குரல் இல்லாமல் போவது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் மேடம் எனக்கு முன்பே வந்து அதே ஓட்டத்தைத் திரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் இவரு தலையக் குனியிறாரு? உங்கள மாதிரி நேரா வெச்சாப் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேனே" என்றாள்.

"என்ன மாதிரி அவனால வைக்க முடியாது மேடம். அவன மாதிரி என்னால குனிய முடியாது."

"புரியலையே."

குனிந்து காட்டினேன். அதாவது, குனிய முயன்றேன். மேடம் எழுந்து வந்து என் பிடரியில் விரலை வைத்துப் பார்த்தாள். தழும்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும். "ஐயோ, நான் கேட்டிருக்கணும்" என்றாள். "நானும் சொல்லியிருக்கணும்" என்றேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அவள் குனிந்து பார்த்தாள், நான் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன்.

விசிறிக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறம்பாங்க. அண்ணன் தம்பிக்குக் கழுத்து வேற போல" என்றார். முதல் முறையாக அவர் புதிதாக ஒன்று சொன்னார். எனக்குத்தான் சிரிக்கத் தோன்றவில்லை.

இனி தம்பியே வந்தாக வேண்டும், வேறு வழியில்லை என்றாள் மேடம். ஒரு காலைப்பொழுது மட்டும் வருவான், மத்தியானம் விமானம் ஏறிவிடுவான் என்று ஏற்பாடு ஆயிற்று. நான் என் அறையைப் பெருக்கித் துடைத்தேன். காபி போட இரண்டாவதாக ஒரு கோப்பை வாங்கினேன். என்னிடம் ஒன்றுதான் இருந்தது, இத்தனை நாள் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. மத்தியான விமானத்துக்கு முன்னால் எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

வந்தான். டி.வி.யில் பார்ப்பதைவிட மெலிந்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. "அண்ணா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். அணிக்காரர்கள் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நேராகக் கொண்டுபோய் மேடையில் ஏற்றினார்கள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றேன். அங்கே இருந்து பார்த்தால் உள்ளே இருக்கிறவன் அவ்வளவு சின்னதாகத் தெரிவான் என்று எனக்குத் தெரியாது.

அவனைக் களைக்கும்வரை மிதிக்கவிட்டார்கள். மேடம் என்னை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "அவரு தலை தொங்கப்போறது உங்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். தொங்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க, தராச அந்த நேரத்துல சரியாப் பாக்கணும்."

எனக்குத் தெரிந்தது. முதலில் இடது தோள் லேசாக இறங்கும். பிறகு முழங்கை அகலும். அப்புறம் தலை. "இப்போ" என்று மேடத்திடம் சொன்னேன். தலை தொங்கியது, வால் எழுந்தது, தராசில் எண் எகிறியது. பழக்கதோஷம், மைக்கில் "தலை!" என்று கத்திவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் காது மூடியிருந்தும், விசிறியின் இரைச்சலுக்கு நடுவிலும் அது கேட்டிருக்கிறது. விலுக்கென்று நிமிர்ந்தான். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே அவன் பல் தெரிந்தது. அவன் சிரித்தான்.

பிறகு உருண்டையை மாட்டினார்கள். தலை நேராக இருந்தபோது வாலைவிட அது கொஞ்சம் மோசம்தான். ஆனால் தலை தொங்கியபோது எண் அசையவே இல்லை. வால் இல்லாததற்கு எழுந்து நிற்க என்ன இருக்கிறது? எப்படிக் குனிந்தாலும் காற்றுக்கு ஒரே உருண்டைதான்.

"இதுதான்" என்றாள் மேடம்.

எல்லாம் முடிந்ததும் ஓர் ஓரத்தில் அவனை நிற்கவைத்து உச்சி முதல் பாதம் வரை ஏதோ ஒரு கருவியால் படம் பிடித்தார்கள். இனிமேல் அவன் உருவத்திலேயே ஒரு பொம்மை செய்துவிடுவார்களாம். கழுத்தை வேண்டிய மட்டும் வளைக்கலாமாம். விசிறிக்காரர் என்னைப் பார்த்தார். அன்று அவர் என்னைப் பொம்மை என்று கூப்பிடவில்லை.

கார் நிறுத்தும் இடம் வரை கூடவே நடந்தேன். "வீடு பக்கத்துலதான்டா, ஒரு காபி குடிச்சிட்டுப் போ" என்றேன்.

"விமானத்த விட்ருவேன்ண்ணா. போட்டி முடியட்டும், வந்து ஒரு வாரம் தங்குறேன் பாரு." கார்க் கதவைத் திறந்தவன் திரும்பினான். "கழுத்து சரியாயிடுச்சுன்னு சொன்னியே."

"ஆயிடுச்சுதான். குனியத்தான் வராது."

அவன் ஏதோ சொல்ல வந்தான். உள்ளே இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். கார் போய்விட்டது.

பொம்மை வந்த அன்று மேடம் அந்த வால் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தாள். "வேற யாருக்கும் இது சரிப்பட்டு வராது. நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. உலகத்தில் அந்த ஹெல்மெட்டுக்கு வாய்த்த ஒரே கழுத்து என்னுடையது. அதை அலமாரியில் இரண்டாவது கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சாம்பியன் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என்னிடம் டி.வி. இல்லை, போனின் சின்னத் திரையில் இதைப் பார்க்க மனசு வரவில்லை. அழுக்குத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே சலவைக்கடைக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு டி.வி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பி கடைசி ஆளாகக் கிளம்பினான். உருண்டை ஹெல்மெட். பாதி தூரத்தில் அவனுக்கும் முதலிடத்துக்கும் நான்கு நொடி வித்தியாசம், பின்னால். அப்புறம் இரண்டு. கடைசி நேர்ச்சாலையில் எதிர்காற்று, ஓரத்துக் கொடிகள் எல்லாம் அவன் பக்கமாக விறைத்து நின்றன. இடது தோள் இறங்கியது. முழங்கை அகன்றது.

"தலை!" என்று கத்தினேன். அம்மாள் கையில் இருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

தலை தொங்கியது. தொங்கியபடியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. காற்று அவன் தலை மேல் வழுக்கிக்கொண்டு போனது. முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சின்ன வயசில் எப்படிப் போவானோ அப்படியே போனான். கோட்டைத் தாண்டினான். ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் பட்டம் அவனுக்கு. நான் பெஞ்சில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை.

"தெரிஞ்சவரா?" என்று கேட்டாள் அம்மாள்.

"என் தம்பி."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா, உடம்பு வாகு அப்படியே இருக்கு" என்றாள்.

துணி அலசி முடிவதற்குள் போன் அடித்தது. பின்னால் ஒரே கூச்சல். "அண்ணா, பாத்தியா?"

"பாத்தேன்டா. பாத்தேன்."

"கடைசியில தலை தொங்கிடுச்சுல்ல?"

"நல்லாவே தொங்குச்சு. அதனால ஒண்ணும் இல்ல. அதுக்குத்தானே அந்த ஹெல்மெட்டு."

"தெரியும். ஆனாலும் நீ கத்துவேன்னு பாத்துட்டே போனேன்." அவனுக்கு மூச்சு இன்னும் வாங்கியது. "ஒண்ணுமே கேக்கல. பின்னால யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"கத்தினேன்டா" என்றேன்.

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. "வர்றேன்ண்ணா, கண்டிப்பா வர்றேன்" என்றான். போன் நின்றது. இயந்திரமும் நின்றது. நான் இடுப்பை வளைத்து, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.